‘தாயும் சேயும் நலம்’ மெசேஜ் போட்டாச்சா? தாய்க்கு இன்னும் 42 நாள் இருக்கிறது!

குழந்தை பிறந்த பத்தாவது நிமிடத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும் மெசேஜ், ‘தாயும் சேயும் நலம்’. ஸ்வீட் வாங்க ஒருவர் ஓடுவார். குழந்தை யார் ஜாடை என்று பேச்சு ஆரம்பிக்கும். ஆனால், தாய்க்கு மிக ஆபத்தான நேரம் தொடங்குவதே அப்போதுதான்.

பிரசவம் முடிந்த முதல் 24 மணி நேரம், அதிலும் முதல் சில மணி நேரம் மிக முக்கியமானது. அதன் பிறகும் 42 நாள்கள் வரை தாய்க்குக் கண்காணிப்பு தேவை. பிரசவம் தொடர்பான காரணத்தால் இந்த 42 நாள்களுக்குள் ஒரு பெண் உயிரிழந்தால், அதையும் ‘தாய்மார் இறப்பு’ என்றே உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

ஆஸ்பத்திரி வாசல் வரை ஜெயித்துவிட்டோம்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ‘எங்கே பிறந்தீர்கள்?’ என்று கேட்டால், பலர் சொல்லும் பதில் ‘ஆர்.எஸ்.ஆர்.எம்.’ ராயபுரத்தில் இருக்கும் அரசு ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனையின் சுருக்கப் பெயர் அது. சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே சத்திரம் கட்டிய அதே சவளை ராமசாமி முதலியாரின் கொடையில், 19-ம் நூற்றாண்டில் உருவான மருத்துவமனை. இன்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்து இயங்குகிறது.

இப்படிப்பட்ட மருத்துவமனைகளும் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் சேர்ந்து தமிழ்நாட்டில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இங்கே 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2001-03-ல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54 ஆகக் குறைந்தது. அப்போது இந்திய சராசரி 97, கேரளாவில் 19.

கிட்டத்தட்ட எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். பிறகு ஏன் 54? குழந்தை பிறந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

நிமிடத்துக்கு அரை லிட்டர்

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமாக ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும், கர்ப்பப்பை முஷ்டி மடக்கியதுபோல இறுகிச் சுருங்கி, திறந்திருக்கும் ரத்தக்குழாய்களை மூட வேண்டும். அது சுருங்காமல் தளர்ந்து கிடந்தால் ரத்தம் நிற்காது. உடனே கவனிக்காவிட்டால், நல்ல ஆரோக்கியமான பெண்ணுக்குக்கூட சில மணி நேரத்தில் உயிர் போகலாம். உலகம் முழுக்க ஆண்டுதோறும் பல்லாயிரம் பெண்கள் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கால் இறக்கிறார்கள். பெரும்பாலோர் ஏழை நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் ரத்த இழப்பு அவர்களைச் சாய்த்துவிடும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே ஆய்வு சொல்கிறது. எனவே, கர்ப்ப காலத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரைகளை ‘குமட்டுது’ என்று தூக்கிப் போடாதீர்கள். பிரசவ அறையில் கைகொடுக்கப்போவது அந்த மாத்திரைதான்.

இதைத் தடுக்கும் வழி ஒன்றும் விலை உயர்ந்ததல்ல. குழந்தை பிறந்தவுடன் போடும் ஆக்ஸிடோசின் ஊசி கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கிறது. ரத்தப்போக்கு தொடங்கியதும், குழந்தை பிறந்த மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்தால் உயிரிழப்பு குறைகிறது.

ரத்தம் எவ்வளவு போனது என்பதைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகவே கணிக்கிறார்கள். அதற்காக, அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரித்து, ரத்தப்போக்கு அதிகம் என்று தெரிந்ததும் எல்லா சிகிச்சைகளையும் ஒரே மூச்சில் கொடுக்கும் முறையைக் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு, உயிரிழப்பு போன்ற மோசமான விளைவுகள் 60 சதவிகிதம் குறைந்தன. 2023-ல் வெளியான முடிவு இது.

மூன்று தாமதங்கள்

தாய்மார் இறப்புக்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று மருத்துவ உலகம் சொல்கிறது. ‘போகலாமா, வேண்டாமா’ என்று முடிவெடுப்பதில் தாமதம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதில் தாமதம். சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம்.

இரண்டாவது தாமதம் வடசென்னைக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. எண்ணூரிலிருந்து ராயபுரம் தூரமில்லை. ஆனால், துறைமுகம் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால், தூரம் கிலோமீட்டரில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்தப் பகுதித் தெருக்கள் நீரில் மூழ்கியதும் மறக்கக்கூடியதல்ல. பிரசவத் தேதி மழைக்காலத்தில் வந்தால், முன்கூட்டியே எங்கே தங்குவது, எந்த மருத்துவமனையில் சேர்வது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தாமதம் முழுக்க வீட்டின் கையில் இருக்கிறது. ‘பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்ற ஒரு வார்த்தையில் பல அறிகுறிகள் மறைந்துபோகின்றன.

இவை ‘அப்படித்தான் இருக்கும்’ வகை அல்ல

* ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதாக நனைவது, பெரிய ரத்தக் கட்டிகள் வெளியேறுவது.
* காய்ச்சல், துர்நாற்றத்துடன் கசிவு, தையல் போட்ட இடத்தில் சீழ்.
* கடும் தலைவலி, கண் மங்குவது, வலிப்பு. கர்ப்ப காலத்தில் பிரஷர் இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு வரலாம்.
* ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி.
* மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம்.

இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, குழந்தைமீது பற்றில்லாத உணர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். ‘டெலி மானஸ்’ இலவச மனநல உதவி எண் 14416.

பத்தியம் இருக்கலாம், தாகம் கூடாது

பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால், ‘தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்’ என்று தண்ணீரைக் குறைப்பது தவறு. பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தண்ணீர் அதிகம் தேவை. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரலாம். நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். மருத்துவர் அனுமதித்ததும் மெள்ள நடக்க விடுங்கள்.

சிக்கலில்லாத சுகப்பிரசவமாக இருந்தாலும் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் பிறகு இரண்டு, மூன்று நாள்களுக்குள் ஒரு முறை, இரண்டாவது வாரத்தில் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை பரிசோதனை வேண்டும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள், அந்த முகவரியையும் போன் நம்பரையும் சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், அவர் உங்களைத் தேடி வருவது பூட்டிய வீட்டுக்காகத்தான் இருக்கும்.

வீட்டில் குழந்தையைத் தூக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். ‘உனக்கு எப்படிம்மா இருக்கு?’ என்று 42 நாளும் தாயிடம் கேட்க, அவர்களில் ஒருவரை இன்றே முடிவு செய்யுங்கள். அது கணவராகவே இருந்தால் இன்னும் நல்லது.