சுவரும் தரையும் – 9: மார்கழியில் ஒரு ‘வேண்டாம்’

போன வாரம் கல்லக்குடியில் நிறுத்தியிருந்தேன். 1953 ஜூலையில் டால்மியாபுரம் ரயில் நிலையப் பெயர்ப் பலகைமேல் ‘கல்லக்குடி’ என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார் கருணாநிதி. அதற்குப் பசையாவது வேண்டியிருந்தது. இந்த வாரக் கதைக்கு ஒரு படி கோலமாவு போதும்.

2019 டிசம்பர் 29, ஞாயிறு காலை. குடியுரிமைத் திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெசன்ட் நகர்த் தெருக்களில் சிலர் கோலம் போட்டார்கள், பெரும்பாலும் பெண்கள். மார்கழியில் அதில் என்ன அதிசயம்? கோலத்துக்குள் ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். அனுமதி இல்லை என்று போலீசார் அவர்களைப் பிடித்துக்கொண்டு போய், பிறகு விடுவித்தார்கள். அந்தப் பெண்களில் ஒருவருக்குப் பாகிஸ்தான் அமைப்போடு தொடர்பு உண்டா என்று விசாரிப்பதாக, சில நாளில் காவல் ஆணையரே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அரிசிமாவுக்கு அத்தனை மரியாதை!

மறுநாள் காலை ஆழ்வார்பேட்டை சித்தரஞ்சன் சாலையில், அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டாலின் வீட்டு வாசலில் அதே ‘வேண்டாம்’. கோபாலபுரத்தில் கருணாநிதியின் வீட்டு வாசலிலும், சி.ஐ.டி. காலனியில் கனிமொழியின் வீட்டு வாசலிலும் அதுவே. பெயர்ப் பலகையில் தாள் ஒட்டியவரின் வீட்டுக்கு 66 வருடம் கழித்து வந்து சேர்ந்த கோலம் அது. ஒரு வாரம் முன்னால், டிசம்பர் 23 அன்று, தி.மு.க. கூட்டணி சென்னையில் பெரிய பேரணியே நடத்தியிருந்தது. ஆனால் வடநாட்டுச் செய்தி அறைகள் தமிழ்நாட்டைத் திரும்பிப் பார்த்தது பேரணிக்காக அல்ல, கோலத்துக்காகத்தான் என்பது என் எண்ணம்.

காரணம் படத்தின் அழகு இல்லை. கோலம் வீட்டைச் சேர்ந்தது. அது விழும் தரையோ மாநகராட்சியைச் சேர்ந்தது. தெருவில் எதற்கும் அனுமதி கேட்கலாம் என்று நினைக்கிற போலீசாருக்கு, வாசலில் குனிந்து புள்ளி வைக்கிறவரிடம் எதைக் கேட்பது என்று தெரியாது. கேட்டால் கேட்டவர்தான் அசடு வழிய வேண்டும். சுவரொட்டி என்றால் கிழித்துவிடலாம், அச்சகத்தைத் தேடிப் பிடிக்கலாம். கோலத்துக்கு அச்சகம் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. 1968இல் பாரிஸ் மாணவர்கள் நுண்கலைக் கல்லூரியில் இரவெல்லாம் அச்சடித்து ஒட்டிய சுவரொட்டிகளிலும் வரைந்தவர் பெயர் இருக்காது. அவர்கள் யோசித்துச் செய்ததை நம் பாட்டிமார் பழக்கமாகவே வைத்திருந்தார்கள்.

ஒரு உறுத்தலையும் சொல்லிவிடுகிறேன். ஆழ்வார்பேட்டை அடுக்ககங்களில் விடிகாலையில் கோலம் போடுகிறவர் பெரும்பாலும் அங்கே குடியிருப்பவர் அல்ல. வீட்டு வேலைக்கு வரும் அம்மா. வாசல் ஒருவருடையது, கை இன்னொருவருடையது. எதிர்ப்புக் கோலத்தைப் புகழ்ந்து எழுதியவர்கள் (நானும்தான்) அந்தக் கையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

சட்டம் நின்றதா? இல்லை. 2021 செப்டம்பர் 8 அன்று, அந்தச் சித்தரஞ்சன் சாலை வீட்டுக்காரர் முதலமைச்சராகச் சட்டமன்றத்தில் அதை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தார். 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு விதிகளையும் வெளியிட்டுவிட்டது.

அடுத்த வாரம் 1987க்குப் போகலாம். அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காகப் பத்திரிகை ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பியது நம் சட்டமன்றம்.

(தொடரும்)