ரேங்க் இல்லாத பள்ளி

மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷி வேலி பள்ளி விடுதியில் வளர்ந்தவள் நான். அந்த ஊரில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் எண்ணத்தில் 1926இல் உருவான பள்ளி அது. ஆண், பெண் பிள்ளைகள் சேர்ந்தே படித்தோம். ரேங்கும் இல்லை, பரிசும் இல்லை. ஒப்பிட்டால் பயம் வரும், பயந்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பார் அவர்.

எனக்குக் கணக்கு வராது. ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து, “எந்த வரியில நின்னுட்டே, காட்டும்மா” என்பார். நான் விரல் வைத்த வரியிலிருந்தே மறுபடி தொடங்குவார். படிப்பு என்றால் அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

மாலையில் அஸ்தாசல்: எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்போம்.

கட்டணம் எளியவர்களுக்கு எட்டாது. அது எனக்கு வருத்தம்தான். ஆனால் பள்ளியின் கிராமக் கல்வி மையம் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய பாட அட்டைகள்தான், தமிழக அரசுப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றலுக்கு முன்மாதிரியாக இருந்தன.