கடைசி நாள் கூட்டமும் வாடகைக் கணினியும்

சங்கரன்கோவில் வட்டம் பனவடலிசத்திரம் பகுதியில் மானாவாரியாக உளுந்து, மக்காச்சோளம் விதைப்போர், அதே பருவத்தில் பயிர்க் காப்பீட்டுக்கும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. கடைசித் தேதி நெருங்கினால் இ-சேவை மையங்களில் கூட்டம் சேரும். அன்று கணினி நின்றுவிட்டால் அந்தப் பருவத்துப் பயிருக்குக் காப்பு இல்லை. ஆகவே, அரசுத் துறைகள் கணினி வசதியை எப்படித் திட்டமிட்டுப் பெறுகின்றன என்பதை விவசாயிகளும் அறிவது நல்லது.

மேகக் கணினி

மூன்று நாள் உழவுக்காக யாரும் டிராக்டர் வாங்குவதில்லை. மணிக் கணக்கில் வாடகைக்கு அமர்த்துகின்றனர். அதுபோலப் பெரிய கணினிக் கூடங்களில் இடத்தையும் வேகத்தையும் தேவைக்கேற்ப வாடகைக்குப் பெறுவதே மேகக் கணினிச் சேவையாகும். மத்திய அரசு 'மேகராஜ்' திட்டத்தில் தேசிய மேகக் கணினியை 2014-ல் தொடங்கியது. தனியார் நிறுவனங்களின் சேவைகளும் தணிக்கைக்குப் பின் மத்திய மின்னணு அமைச்சகத்தின் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. விவரங்கள் இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. துறைகள் டெண்டர் மூலமாகவோ, 'ஜெம்' என்னும் அரசு மின்சந்தை மூலமாகவோ வாங்கலாம்.

திட்டமிடும் முறை

1. சாதாரண நாளில் எத்தனை பேர், கடைசி நாளில் எத்தனை பேர் வருவர் என்று முதலில் கணக்கிட வேண்டும். கூடுதல் வேகத்தை அந்தச் சில நாட்களுக்கு மட்டும் பெற்றால் செலவு மிச்சமாகும்.

2. சேவை தடைப்பட்டால் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். 100-க்கு 99.5 பங்கு நேரம் இயங்கினால் போதும் என்று எழுதினால், 30 நாள் மாதத்தில் 3 மணி 36 நிமிடம் நிற்க இடமுண்டு. அந்த நேரம் கடைசி நாள் மாலையில் வந்தால் பாதிப்பு விவசாயிக்கே. ஆகவே முக்கிய நாட்களுக்குத் தனி விதி தேவை.

3. விவரங்களின் மறுபிரதி வேறு ஊரிலும் இருக்க வேண்டும்.

4. ஒப்பந்தம் முடிந்ததும் விவரங்கள் முழுவதும் துறையிடம் திரும்ப வேண்டும். குத்தகைக்கு விட்டாலும் நிலம் உடையவருக்கே சொந்தம் அல்லவா?

விவசாயிகள் கவனத்திற்கு

விதைத்தவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெற்று, கடைசி நாளுக்குக் காத்திராமல் பதிவு செய்யவும். ரசீதில் சர்வே எண், பயிர், பரப்பு ஆகியவற்றைச் சரிபார்த்துப் பத்திரப்படுத்தவும். கணினி நின்றாலும் கையிலுள்ள ரசீது சாட்சி சொல்லும்.