வாக்குச்சீட்டுக்கு எட்டாத மூன்றாவது அரசாங்கம்

18 வயதில் வாக்களிக்கும் உரிமை 2021 டிசம்பர் 15 முதல் நமக்கு உண்டு. நாடாளுமன்ற உறுப்பினரையும் சட்டமன்ற உறுப்பினரையும் நாம் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நம் தாமானின் கால்வாய், விளையாட்டுப் பூங்கா, சிற்றுண்டிக் கடை உரிமம், தீபாவளிச் சந்தையில் கடை போடும் அனுமதி ஆகியவற்றைக் கவனிக்கும் ஊராட்சி மன்றத்திற்கு நாம் வாக்களிக்க முடியாது. மலேசியாவில் எவராலும் முடியாது.

பொது நிர்வாகம் படிக்கும் மாணவியாக இந்தச் செய்தியை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும் என நினைக்கிறேன்.

மத்திய அரசு, மாநில அரசு, ஊராட்சி மன்றம் என நம் நாட்டில் மூன்று அடுக்குகள் உள்ளன. மூன்றாவது அடுக்கில் மாநகர் மன்றங்கள், நகராண்மைக் கழகங்கள், மாவட்ட மன்றங்கள் இடம்பெறுகின்றன. தீபகற்பத்தில் இவற்றை வழிநடத்துவது 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம். அதன்படி ஒரு மன்றத்தில் மேயர் அல்லது தலைவருடன் 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். அனைவரையும் நியமிப்பது மாநில அரசு. பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகாது, மறுநியமனம் உண்டு. கோலாலம்பூரிலோ மன்ற உறுப்பினர்களே இல்லை. டத்தோ பண்டாருக்குத் துணையாக ஓர் ஆலோசனை வாரியம் மட்டுமே உள்ளது.

பணம் எங்கிருந்து வருகிறது? வீடு, கடை உரிமையாளர்கள் ஆண்டுக்கு இருமுறை செலுத்தும் மதிப்பீட்டு வரிதான் முக்கிய வருமானம். என் அப்பாவும் அதைத் தவறாமல் கட்டி வருகிறார். ஆனாலும் கடந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கால்வாய் அடைத்துக்கொண்டபோது, புகாரை வாங்கிய அலுவலகம், “அது வேறு துறையின் பொறுப்பு” என்றது. அந்த வேறு துறையோ முதல் அலுவலகத்தையே கை காட்டியது. இரண்டு வாரம் கொசுதான் மிச்சம்.

இந்த அலைச்சலுக்குக் காரணம், அதிகாரம் பல இடங்களில் பிரிந்து கிடப்பதே. தாமானின் உட்சாலை பெரும்பாலும் மன்றத்தைச் சேர்ந்தது. நெடுஞ்சாலை பொதுப்பணித் துறையைச் சேர்ந்தது. ஆறும் பெரிய வடிகாலும் நீர்ப்பாசன வடிகால் துறையைச் சேர்ந்தவை. ஜொகூர், கெடா, பகாங் போன்ற மாநிலங்களில் குப்பை அகற்றும் பணியைக் கண்காணிப்பதுகூட மத்திய அரசின் திடக்கழிவு நிர்வாகக் கழகம்தான். சிலாங்கூரும் பினாங்கும் அந்தச் சட்டத்தில் இணையவில்லை.

இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல் இல்லாமலே இருந்ததில்லை. 1951இல் ஜார்ஜ்டவுன் மக்கள் நகராண்மைக் கழகத்துக்கு வாக்களித்தார்கள். 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது, தொழிற்கட்சியின் டி.எஸ்.இராமநாதன் அதன் முதல் மேயரானார். இன்றும் பினாங்கில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய காலத்தில், ஊராட்சித் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. மறு ஆண்டே மோதல் ஓய்ந்தது. ஊராட்சி மன்றங்களை ஆராய செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என 1968இல் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கான வழியை முற்றாக மூடியது. பினாங்கு மாநில அரசு அதைத் திறக்க மேற்கொண்ட முயற்சியும் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோல்வி கண்டது.

தேர்தல் வேண்டாம் என்போர் சொல்லும் காரணங்களையும் கேட்க வேண்டும். செலவு கூடும், தாமானுக்குள்ளும் கட்சிச் சண்டை நுழையும், நகரங்களின் மக்கள்தொகை அமைப்பால் இன உணர்வு கிளறப்படும் என்கிறார்கள். இவற்றை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நியமனத்திலும் அரசியல் இருக்கத்தான் செய்கிறது. நியமிக்கப்படுபவர் தம்மை நியமித்தவரையே பார்ப்பார். வரி கட்டுபவரைப் பார்க்க அவருக்கு என்ன கட்டாயம்? என் நிலைப்பாடு இதுதான்: வரி கட்டும் மக்களுக்கு, அந்த வரியைச் செலவிடுபவரை மாற்றும் உரிமையும் வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. மூடிய கூட்டமாக நடத்த மன்றம் தீர்மானம் போட்டாலொழிய, நாம் உள்ளே சென்று அமரலாம். ஆனால் செயற்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது.

ஆகவே நண்பர்களே, முதலில் உங்கள் தாமானுக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் யார் என்று தேடிப் பாருங்கள். அடுத்த முழுக் கூட்டம் எப்போது என்று மன்றத்திடம் கேளுங்கள். இரண்டு மூன்று நண்பர்களாகச் சேர்ந்து சென்று, எந்தச் செலவு எப்படி முடிவாகிறது என்று குறிப்பெடுங்கள். பார்வையாளர் இருக்கையில் இளையர்கள் உட்கார்ந்திருப்பதைக் கண்டால், பேசுபவர்கள் சற்றுக் கவனமாகவே பேசுவார்கள்.