தலவாக்கலை: நகரத் திட்டம் தேயிலை ஓரத்தில் ஏன் நின்றுவிடுகிறது?

நகர அபிவிருத்திக்கென்று அரசாங்கம் பணம் ஒதுக்கியதாகச் செய்தி வந்தால், முதலில் பார்க்க வேண்டியது எதை நகரம் என்று எண்ணுகிறார்கள் என்பதைத்தான். இலங்கையில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது மட்டுமே நகரம். நுவரெலியா மாவட்டத்தில் அப்படி மூன்று இடங்களே உண்டு: நுவரெலியா, ஹட்டன்-டிக்கோயா, தலவாக்கலை-லிந்துலை. மற்றதெல்லாம் பிரதேச சபை. குடிசன மதிப்பீட்டில் தோட்டம் என்பது நகரமும் இல்லை, கிராமமும் இல்லை; அது தனிப் பிரிவு.

தலவாக்கலை கடைவீதியிலிருந்து கொஞ்சம் நடந்தாலே தேயிலை மலை. லயத்து மக்கள் சாமான் வாங்கவும், வங்கிக்கும், ரயிலேறவும் இந்த டவுனுக்குத்தான் இறங்குகிறார்கள். ஆனால் டவுனுக்குப் போடும் வடிகானும் வீதிவிளக்கும் சபை எல்லையோடு நின்றுவிடும்.

பெரிய கடன்கள் பெரிய நகரங்களுக்கே போயின. உலக வங்கிக் கடனில் 2014இல் தொடங்கிய மூலோபாய நகரங்கள் திட்டம் கண்டியையும் காலியையும் எடுத்துக்கொண்டது. பின்னர் யாழ்ப்பாணம் சேர்ந்தது. தலவாக்கலைக்கு வந்த பெரிய கட்டுமானம் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை. ஜப்பான் கடனில் கட்டிய 150 மெகாவாட் நீர்மின் திட்டம் அது. அதற்காக ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம் மாறின. அணை நாட்டின் மின்சாரத்துக்காக வந்தது, ஊருக்காக அல்ல. அதை நகர அபிவிருத்தி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

தோட்டத்துக்குள் தடையாக இருந்தது சட்டம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவால், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாதிருந்தது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த உறுப்பினருக்கு, வென்றபின் அந்த லயத்துக்கு ஒரு படிக்கட்டுக்கூடக் கட்டிக்கொடுக்க வழியிருக்கவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய பிரதேச சபைகளும் வந்தன.

சட்டம் திறந்தும் காணிச் சிக்கல் தீரவில்லை. நிலம் அரசுடையது, 1992 முதல் தோட்டங்களை நடத்துவது கம்பனிகள், குடியிருப்பவர் பெரும்பாலோரிடம் உறுதி இல்லை. ஆகவே நகர சபையும் சுற்றியுள்ள பிரதேச சபைகளும் கம்பனிகளும் ஒன்றாக உட்கார்ந்து, டவுனுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே வடிகால், குப்பை, குடிநீர்த் திட்டம் போடுவதே சரி.

2025 மே 6இல் வாக்களித்து இந்தச் சபைகளுக்கு உறுப்பினர்களை அனுப்பியிருக்கிறீர்கள். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் உங்கள் தோட்டத்துக்கு எவ்வளவு என்று அவர்களிடம் கேளுங்கள். இப்போது “சட்டம் விடாது” என்று அவர்கள் சொல்ல முடியாது.