வாங்குவதா? வனைவதா?

பள்ளி திறக்கும் நாளில் துணிக்கடைத் தெருவிற்குச் சென்றால் இருவகைப் பெற்றோரைக் காணலாம். ஒரு சாரார், தைத்து அடுக்கிவைத்த சீருடைகளுள் தம் பிள்ளைக்குப் பொருந்துவதைத் தேடி எடுத்துக்கொண்டு அன்றே வீடு திரும்புவர். மற்றொரு சாரார், துணியை வாங்கித் தையற்காரரிடம் கொடுத்து, அளவெடுக்கச் செய்து, பத்து நாள் காத்திருப்பர். முன்னவர்க்கு விலையும் குறைவு, காலமும் மிச்சம். பின்னவர்க்கு ஆடை உடலோடு இயைந்து அமையும். இவ்விரண்டனுள் எது சிறந்தது? அணியும் உடலைப் பாராது இவ்வினாவிற்கு விடை கூறுதல் இயலாது.

இதே வினா இன்று வணிகர் முன் வேறொரு வடிவில் நிற்கின்றது. கணிப்பொறி என்பது ஒரு கருவி. அது தானாக எதனையும் செய்வதில்லை. இன்னது செய்க, இவ்வாறு செய்க என்று அதற்கு முறைப்பட எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள் எனப்படும். விற்பனைச் சீட்டு எழுதுதல், சரக்கிருப்பைக் காத்தல், கூலி கணக்கிடுதல், வரிக்கணக்குக் காட்டுதல் ஆகிய யாவும் இன்று மென்பொருளால் நடைபெறுகின்றன. பலர்க்கும் பொதுவாக எழுதி விலைக்கு விற்கப்படுவது ஆயத்த மென்பொருள். ஒரு நிறுவனத்தின் தேவையை மட்டும் ஆராய்ந்து அதற்கெனவே எழுதப்படுவது வனைந்த மென்பொருள். ஆடையில் தவறினால் இழப்புச் சிறிது. மென்பொருளில் தவறினாலோ, வணிகர் இட்ட முதலும், அவரை நம்பிய தொழிலாளர் கூலியும், சரக்கு அனுப்பியவர்க்குச் சேரவேண்டிய பணமும் ஒருங்கே இடர்ப்படும்.

தொடக்கக் காலத்தில் இவ்வினாவிற்கே இடமில்லாதிருந்தது. இலண்டன் மாநகரில் லயன்ஸ் என்னும் நிறுவனம் தேநீர்க் கடைகள் பலவற்றை நடத்தி வந்தது. ரொட்டியும் தின்பண்டங்களும் செய்து கடைதோறும் நாள்தோறும் அனுப்புவது அதன் தொழில். சிறு விலையுள்ள பண்டங்களைப் பெருந்தொகையான மக்களுக்கு விற்றமையால், ஒவ்வொரு விற்பனையிலும் ஆதாயம் மிகச் சிறிது. கணக்கெழுதும் செலவோ பெரிது. இச்செலவைக் குறைக்கும் வழியை அறிய 1947ஆம் ஆண்டில் தன் அலுவலர் இருவரை அந்நிறுவனம் அமெரிக்காவிற்கு அனுப்பிற்று. பின்னர், கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் உருவாகி வந்த எட்சாக் என்னும் கணிப்பொறிக்கு 3,000 பவுன் உதவி, அதன் அமைப்பைப் பின்பற்றித் தானே ஒரு கணிப்பொறியைக் கட்டிற்று. அதற்கு லியோ என்பது பெயர். 1951ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ரொட்டிச்சாலைக் கணக்கை லியோ போடத் தொடங்கிற்று.

லயன்ஸ் எழுதிய மென்பொருள்களுள் ஒன்று கருதத்தக்கது. ஒவ்வொரு கடைக்கும் நாள்தோறும் செல்லவேண்டிய பண்டங்களுக்கு நிலையான பட்டியல் ஒன்று உண்டு. கடைப் பொறுப்பாளர், அதில் கூட்டவேண்டியதையும் குறைக்கவேண்டியதையும் மட்டுமே தொலைபேசி வாயிலாகக் கூறுவார். அம்மாற்றங்களைக் கொண்டு, எக்கடைக்கு எத்துணைப் பண்டம் கட்டவேண்டும் என்பதை லியோ அச்சிட்டுக் கொடுக்கும். இத்தகைய மென்பொருள் அந்நாளில் எக்கடையிலும் விலைக்குக் கிடைப்பதன்று. லயன்ஸ் தன் தொழிலை நுணுகி அறிந்திருந்தது. அறிந்ததையே மென்பொருளாக வனைந்து கொண்டது.

அக்காலத்தில் கணிப்பொறி விற்போர், மென்பொருளுக்குத் தனி விலை கொள்ளாது பொறியோடு சேர்த்தே கொடுத்தல் வழக்கமாக இருந்தது. 1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலை வைப்பதாக அறிவித்தது. அதன் பின்னர் மென்பொருளைத் தனிச் சரக்காக விற்கும் வணிகம் தழைத்து ஓங்கிற்று. வாங்குவதா, வனைவதா என்னும் வினாவும் அதனோடு வளர்ந்தது.

இனி நம் நாட்டு வரலாறு ஒன்றைக் காண்போம். சியாம் சுந்தர் கோயங்கா என்னும் வணிகர், தொழிற்சாலைகளுக்கும் நெசவாலைகளுக்கும் மூலப்பொருள்களையும் இயந்திர உறுப்புகளையும் வழங்கி வந்தார். தம் கணக்கைக் காப்பதற்கு ஏற்ற மென்பொருளைத் தேடிய அவர்க்கு அஃது எங்கும் கிட்டவில்லை. ஆகவே, கணிதம் பயின்ற தம் மகன் பரத் கோயங்காவை அதனை எழுதுமாறு பணித்தார். தந்தையும் மகனும் 1986ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய நிறுவனமே, இன்று கணக்கர் பலரும் அறிந்த டேலி மென்பொருளை அளித்தது. ஒருவர்க்கென வனைந்தது பலர்க்கும் ஆயத்தப் பொருளாயிற்று. இஃது எவ்வாறு இயன்றது? வரவு, செலவு, கொடுக்கல், வாங்கல் என்னும் கணக்குமுறை வணிகர் அனைவர்க்கும் பொதுவாதலின் இயன்றது. பொதுவான வேலைக்குப் பொதுவான கருவியே போதும் என்பது இதனால் விளங்கும்.

ஆயத்த மென்பொருளுக்கு வேறொரு நன்மையும் உண்டு. 2017ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளன்று சரக்கு மற்றும் சேவை வரி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. கடைதோறும் கணக்குமுறை மாறவேண்டியதாயிற்று. ஆயத்த மென்பொருளை ஆக்கியோர் ஒருமுறை திருத்தினால், அத்திருத்தம் அதனை வாங்கிய அனைவர்க்கும் பயன்படும். செலவு பலர்மேல் பகிர்ந்து விழும். தமக்கெனத் தனியே வனைந்து கொண்டவரோ, திருத்துவோரைத் தாமே தேடி, முழுச் செலவையும் தாமே ஏற்கவேண்டும். எழுதிக் கொடுத்தவர் ஊரை விட்டுப் போயிருப்பின், அவர் எழுதிய மூல நிரலும் கையில் இல்லாதிருப்பின், அவ்வணிகர் நிலை திறவுகோலை இழந்த பெட்டகம் உடையவர் நிலையே ஆகும்.

வனையத் தொடங்குவோர்க்கு மற்றோர் இடரும் உண்டு. தமக்கு வேண்டுவது இன்னது என்று முன்னரே வரையறுத்துக் கொள்ளாமை அது. அமெரிக்க நாட்டு எஃப்.பி.ஐ. என்னும் புலனாய்வுத் துறை, வழக்குக் கோப்புகளைக் காக்கத் தனக்கென ஒரு மென்பொருளை எழுதச் செய்தது. வேலை நடக்கும்போதே தேவைகள் மீண்டும் மீண்டும் மாறின. முடிவில், ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான பின்னர், 2005ஆம் ஆண்டில் அம்முயற்சி கைவிடப்பட்டது. அத்துறை வணிக நிறுவனம் அன்று. எனினும் அது தரும் படிப்பினை வணிகர்க்கும் உரியதே.

அங்ஙனமாயின் ஆயத்தப் பொருளை வாங்கினால் அச்சமில்லையோ எனின், உண்டு. செருமனி நாட்டைச் சேர்ந்த லிடில் என்பது பல நாடுகளில் பலசரக்குக் கடைகள் நடத்தும் பெருநிறுவனம். அது தன் பழைய மென்பொருளை நீக்கி, எஸ்.ஏ.பி. என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தின் ஆயத்த மென்பொருளை அமைக்க 2011ஆம் ஆண்டில் முற்பட்டது. அம்மென்பொருள் சரக்கிருப்பை விற்கும் விலையால் மதிப்பிடுவது. லிடில் நிறுவனமோ வாங்கிய விலையால் மதிப்பிடும் வழக்கமுடையது. லிடில் தன் வழக்கத்தை விட்டுக்கொடாது, மென்பொருளையே தனக்கேற்ப வெட்டியும் ஒட்டியும் மாற்ற முயன்றது என்று செய்தித்தாள்கள் எழுதின. மாற்றம் மேன்மேலும் பெருகிற்று; செலவும் பெருகிற்று. ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான பின்னர், 2018ஆம் ஆண்டில் அம்முயற்சியை நிறுத்திவிட்டுத் தன் பழைய மென்பொருளுக்கே அந்நிறுவனம் திரும்பிற்று. மென்பொருளும் பழுதுடையதன்று, கடையும் பழுதுடையதன்று, இரண்டும் தம்முள் பொருந்தவில்லை. தைத்த சட்டையைப் பிரித்து மீண்டும் தைப்பதினும் புதுத் துணி எடுத்துத் தைப்பது எளிது என்பதைத் தையற்காரர் அறிவர் அன்றோ?

ஆகவே, வணிகர் முதற்கண் தம்மைத் தாமே வினவிக் கொள்ளவேண்டும்: “என் தொழிலில் பிறரோடு ஒப்பது எது? எனக்கே உரியது எது?” ஒரு மளிகைக் கடைக்காரர் பருப்பையும் புளியையும் வாங்கி விற்கின்றார். அவர் கணக்கு அடுத்த கடைக்காரர் கணக்கினின்றும் பெரிதும் வேறுபடாது. அவர்க்கு ஆயத்த மென்பொருளே தக்கது. பட்டுச்சேலை நெய்விப்போர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் பாவும் ஊடையும் சரிகையும் நிறுத்து நெசவாளர் வீட்டுக்குக் கொடுக்கின்றார். பல நாள் கழித்துச் சேலை வந்து சேர்கின்றது. கொடுத்த பட்டின் எடையும் வந்த சேலையின் எடையும் ஒத்துப்பார்த்து, மிச்சத்தைக் கழித்துக் கூலி தரவேண்டும். இதில் ஒரு பிழை நேரின், நேர்மையான நெசவாளர்மேல் வீண்பழி விழும். அல்லது முதலாளிக்குப் பொருள் இழப்பு நேரும். பொதுக்கணக்கு மென்பொருள் இந்நுட்பத்தைத் தாங்காதாயின், இப்பகுதியை மட்டும் தனியே வனைந்து கொண்டு, வரிக்கும் வரவு செலவுக்கும் ஆயத்த மென்பொருளையே வைத்து, இரண்டையும் இணைத்துக் கொள்ளலாம். முழுவதும் வாங்குதல், முழுவதும் வனைதல் என்னும் இரண்டிற்கும் இடையே இத்தகைய நடுவழி உண்டு என்பதை மறத்தல் ஆகாது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். நெடுநாட் பழக்கத்தையெல்லாம் தனிச்சிறப்பு என்று எண்ணி மயங்குதல் மனித இயல்பு. “எங்கள் கடையில் தொன்றுதொட்டு இப்படித்தான்” என்பது மென்பொருள் வனைவதற்குத் தக்க காரணம் ஆகாது. அப்பழக்கம் வாடிக்கையாளர்க்கு நன்மை தருகின்றதா? தொழிலாளர்க்கு நீதி செய்கின்றதா? ஆதாயம் பெருக்குகின்றதா? ஆம் எனின், அதனைக் காக்கும் மென்பொருளை வனைக. அன்று எனின், பழக்கத்தை விடுத்து ஆயத்த மென்பொருளின் வழியில் நடக்க.

எவ்வழியைத் தேர்ந்தாலும் செய்யவேண்டுவன சில உள. சென்ற மாதத்து உண்மைக் கணக்கைப் புதிய மென்பொருளில் இட்டு, விடை ஒத்துவருகின்றதா என முதலில் பார்த்தல் வேண்டும். ஒத்துவரும் வரையில் பழைய ஏட்டை மூடலாகாது. வாங்கும் விலையை மட்டும் பாராது, ஆண்டுதோறும் செலுத்தும் உரிமக் கட்டணத்தையும் பழுதுபார்க்கும் கூலியையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். பிரிய நேரின், கணக்கு விவரங்கள் அனைத்தும் தம் கைக்கு வருமா என்பதையும், வனைந்ததாயின் மூல நிரல் யாருக்கு உரியது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கொள்ளல் வேண்டும்.

திருவள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஒரு செயலால் அழிவது எது, ஆவது எது, பின்னர் அது தரும் ஆதாயம் எது என்னும் மூன்றையும் எண்ணிப் பார்த்தே அதனில் இறங்கவேண்டும் என்பது அவர் கருத்து. கணிப்பொறி கனவிலும் காணப்படாத காலத்தில் கூறிய அவ்வுரை, இன்றைய வணிகர்க்கும் அப்படியே பொருந்துகின்றது. வாங்குவதா, வனைவதா என்பதற்கு விடை மென்பொருள் விற்போரிடத்தில் இல்லை. தம் தொழிலைத் தாம் அறிந்த அளவிலேயே இருக்கின்றது. நாளை கடையோ, தொழிற்சாலையோ, கூட்டுறவுச் சங்கமோ நடத்தப்போகும் மாணவர்களே! கருவியைத் தேடுமுன் உங்கள் தொழிலை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். அளவறிந்தவர்க்கே ஆடை அமையும்.