மெல்லிசா இருந்தாதான் தாங்கும்: கார் பேரிங் சொல்லும் எமர்ஜென்சி ஃபண்ட் கணக்கு

"எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவு வைக்கணும்? நிறைய இருந்தா நல்லதுதானே சார்?" அடிக்கடி வரும் கேள்வி இது. இதுக்கு நல்ல பதில் பழைய கார் இன்ஜினில் இருக்கு.

அடிவாங்கவே ஒரு உலோகம்

இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குவது பேரிங். அதன் உள்பக்கம் வேணும்னே மெத்தென்ற உலோகம் வைப்பாங்க. 1839-ல் அமெரிக்காவின் ஐசக் பாபிட் உருவாக்கிய கலவை அது. பெரும்பகுதி வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனி, செம்பு. ஆயிலில் தூசு வந்தா இதில் புதைஞ்சுடும், ஷாஃப்ட்டில் கீறல் விழாது. ஆயில் தீர்ந்தா முதலில் உருகுறதும் இதுதான்.

ஃபோர்டு மாடல் டி காலத்தில் இதை உருக்கி நேரா இன்ஜினிலேயே ஊத்தினாங்க. தேய்ஞ்சா மறுபடி ஊத்தி, கையால் சுரண்டி அளவு சேர்க்கணும். வேகமும் லோடும் கூடக்கூட, தடிமனான அந்தப் பூச்சு விரிசல் விட ஆரம்பிச்சது.

தீர்வு: தடிமனைக் குறை

பூச்சு மெலிசானா, லோடைப் பின்னால் இருக்கும் ஸ்டீல் தாங்கும். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிராஃபைட் பிரான்ஸ் கம்பெனி, ஸ்டீல் பட்டையில் மெல்லிய பூச்சு கொடுத்து, தேய்ஞ்சா கழட்டி மாத்துற பேரிங்கைத் தயாரித்தது. 1930-களில் இங்கிலாந்தின் டோனி வாண்டர்வெல் அதுக்கு லைசென்ஸ் வாங்கி நல்லா சம்பாதிச்சார். தன் பெயரையும் 'தின்வால்' என்ற பேரிங் பெயரையும் சேர்த்து 'வான்வால்' ரேஸ் டீமைத் தொடங்கினார். ஃபார்முலா ஒன்னில் கன்ஸ்ட்ரக்டர்ஸ் சாம்பியன்ஷிப் முதன்முதலா வழங்கப்பட்டது 1958-ல். ஜெயிச்சது வான்வால்!

இப்போ உங்க கணக்கு

- பூச்சு: மாச அத்தியாவசியச் செலவு ₹25,000 என்றால், 6 மாசத்துக்கு ₹1.5 லட்சம். ஸ்வீப்-இன் எஃப்டி அல்லது லிக்விட் ஃபண்டில் போதும். ₹6 லட்சத்தைச் சேவிங்ஸ் அக்கவுன்ட்டில் தூங்க வச்சா, விலைவாசி அதை அரிக்கும்.
- ஸ்டீல்: ஆஸ்பத்திரி பில் போன்ற பெரிய லோடைச் சேமிப்பு மட்டும் தாங்காது. ஹெல்த் இன்ஷூரன்ஸ் வேணும். உங்களை நம்பி குடும்பம் இருந்தா டேர்ம் இன்ஷூரன்ஸும் வேணும்.
- மாத்துறது: எமர்ஜென்சி ஃபண்டிலிருந்து எடுத்தா குற்ற உணர்ச்சி வேண்டாம், அது தேயறதுக்குத்தான் இருக்கு. ஆனா அடுத்த சம்பளத்திலிருந்தே நிரப்ப ஆரம்பிங்க.

ஷாஃப்ட் எதுன்னு கேட்டா, உங்க நீண்டகால முதலீடு. அவசரத்துக்கு எஸ்ஐபி-யை உடைக்கிற நிலை வந்தா, பேரிங் இல்லாம வண்டி ஓட்டுறீங்கன்னு அர்த்தம். இன்னிக்கே உங்க 6 மாசக் கணக்கைப் போட்டுப் பாருங்க!